நாவின் கொலையும் வாளின் கொலையும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு இடப்பெற்ற தலைப்பு 'இலக்கியத்தில் குற்றமும் தண்டனையும்' என்பதாகும். இது கடல். கடலை அளக்க எனக்கு நாற்பது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே கடலை விட்டுவிட்டு ஒரே ஒரு துறையில் இறங்கி நிற்க விழைகின்றேன். நான் எடுத்துக்கொண்ட வினா இதுதான்: ஒரு கொலையைத் திட்டமிட்டவனும் அதனைத் தன் கையால் செய்து முடித்தவனும் ஒரே தண்டனைக்கு உரியவர்களா?

விழா நாளில் கொலையைப் பற்றியா பேசுவது என்று நீங்கள் எண்ணலாம். ஆனால் இவ்வினா சொல்லைப் பற்றிய வினா. திட்டமிடுபவன் கையில் இருப்பது சொல் ஒன்றுதான். அவன் கத்தியைத் தொடுவதில்லை. குருதி அவன்மேல் தெறிப்பதில்லை. அவன் பேசுகிறான், அவ்வளவே. சொல்லையே தொழிலாகக் கொண்ட நாம் கூடியிருக்கும் இந்த அவையைவிட இவ்வினாவைக் கேட்பதற்கு ஏற்ற இடம் வேறு எது?

மூன்று கைகள்

தமிழில் இவ்வினாவை மிக ஆழமாக எழுப்பிய நூல் சிலப்பதிகாரம். நாம் பள்ளிப் பருவம் தொட்டு அறிந்த கதைதான். எனினும் கொலைக்களக் காதையை இவ்வினாவோடு மீண்டும் படித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

கோவலன் ஒருவன் இறப்பதற்கு மூன்று பேர் தேவைப்படுகின்றனர். முதலாமவன் பொற்கொல்லன். அரசியின் சிலம்பைத் தான் திருடி வைத்துக்கொண்டு, எப்போது பிடிபடுவோமோ என்ற அச்சத்தோடு இருந்தவன். வேற்றூரான் ஒருவன் ஒற்றைச் சிலம்போடு எதிரே வந்ததும் அவன் உள்ளத்தில் திட்டம் உருவாகிறது. இரண்டாமவன் பாண்டியன். ஊடல் கொண்ட தேவியைத் தேற்றச் செல்லும் அவசரத்தில், ஆராயாமல் ஓர் ஆணையை உதிர்க்கிறான். மூன்றாமவன் காவலருள் ஒருவன். கல்வியறிவில்லாதவன், குடிவெறியில் இருந்தவன். அவன் வாளை ஓங்கி வீசுகிறான்.

எண்ணம் ஒருவனுடையது; ஆணை மற்றொருவனுடையது; கை வேறொருவனுடையது. ஒரு கொலையை இவ்வளவு தெளிவாக மூன்றாகப் பகுத்துக் காட்டிய புலவர் இளங்கோவடிகள். இன்றைய குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரிடம் இக்கதையைக் கொடுத்தால், சதி செய்தவர், ஆணையிட்டவர், நிறைவேற்றியவர் என்று அவரும் இப்படித்தான் வரிசைப்படுத்துவார்.

இம்மூன்றுக்கும் இடையே இளங்கோவடிகள் வைத்திருக்கும் ஓர் இடைவெளியை நாம் விரைவாகக் கடந்து சென்றுவிடுகிறோம். காவலர் உடனே கொன்றுவிடவில்லை. கோவலனைப் பார்த்ததும் அவர்களுள் ஒருவன் தயங்குகிறான். இவன் தோற்றத்தில் கள்வனின் குறி இல்லையே என்கிறான். அப்போதுதான் பொற்கொல்லன் தன் முழுத் திறமையையும் காட்டுகிறான். கள்வர்க்கு மந்திரம் உண்டு, தெய்வத்தின் துணை உண்டு, மருந்து உண்டு, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எல்லாம் உண்டு என்று களவு நூல் விரிவுரை ஒன்றை நிகழ்த்துகிறான். கற்றவன் போலப் பேசுகிறான். சான்று சொல்வான் போலப் பேசுகிறான். தயங்கிய கையின் தயக்கத்தைச் சொல்லால் அறுத்து எறிகிறான்.

பொற்கொல்லனின் குற்றம் அரண்மனையில் அரசனிடம் பொய் சொன்னதோடு முடியவில்லை என்பதை இவ்விடம் காட்டுகிறது. கொலை நிகழ்ந்த நொடிவரை அவன் அங்கேயே நிற்கிறான். நிறுத்துவதற்கு அவனுக்கு ஒரு முறை அன்று, பலமுறை வாய்ப்பு வந்தது. ஒவ்வொரு முறையும் அவன் நிறுத்தவில்லை. வாளோங்கியவன் கொலைகாரனாக இருந்தது ஒரு நொடி. பொற்கொல்லன் கொலைகாரனாக இருந்தது அன்று முழுவதும்.

ஆனால் அதே இடம் வாள் பிடித்தவனையும் விடுவிக்கவில்லை. ஒருவன் தயங்கினான் என்றால் தயங்க முடியும் என்றுதானே பொருள்? ஏவப்பட்ட கைக்கும் கண் உண்டு, மனம் உண்டு என்பதற்குத் தயங்கிய அந்தக் காவலன் சான்று. 'சொன்னார்கள், செய்தேன்' என்ற சொல் அவன் முன்னிலையில் எடுபடாது.

நீலியின் சாபம்

மதுரை எரிந்தபின் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகியின்முன் தோன்றி ஒரு பழங்கதை சொல்கிறது. மேடைகளில் இக்கதையை ஊழ்வினைக்குச் சான்று என்று ஒரு வரியில் சொல்லிச் சென்றுவிடுவது வழக்கம். எனக்கோ நூல் முழுவதற்கும் இதுவே தீர்ப்புரை என்று தோன்றுகிறது.

கலிங்க நாட்டில் சிங்கபுரம், கபிலபுரம் என்று இரு நகரங்கள். இரு நகரத்து மன்னர்க்கும் பகை. கபிலபுரத்து வணிகன் சங்கமன் தன் மனைவி நீலியோடு சிங்கபுரத்திற்கு வந்து அணிகலன் விற்கிறான். சிங்கபுரத்து மன்னன் வசுவிடம் பணிபுரிந்த பரதன் என்பவன், இவன் பகைவரின் ஒற்றன் என்று மன்னனிடம் சொல்கிறான். சங்கமன் கொல்லப்படுகிறான். நீலி பதினான்கு நாள் அழுது திரிந்து, மலையுச்சியிலிருந்து வீழ்ந்து உயிர்விடும்போது, தமக்கு இத்துன்பம் செய்தோர் இதே துன்பத்தை அடைக என்று சாபமிடுகிறாள். அந்தப் பரதனே இப்பிறவியில் கோவலன்.

நண்பர்களே, அந்தப் பழங்கதையிலும் மூவர் உண்டு. பொய் சொன்ன பரதன், ஆணையிட்ட வசு, வாள் பிடித்த யாரோ ஒருவன். வசு என்ன ஆனான் என்று காப்பியம் கூறவில்லை. வாள் பிடித்தவனுக்குப் பெயர்கூட இல்லை. சாபம் பலித்தது நாவினால் கொன்ற பரதன்மேல். பலித்ததும் எப்படி? அயலூரில் அணிகலன் விற்கச் சென்ற ஒருவன், பொய்ச் சொல்லால், விசாரணை இன்றி, வாளால் இறந்தான். அதே அளவு, அதே முறை, அணிகலன்கூட மாறவில்லை. திட்டமிட்டவனுக்கும் கொன்றவனுக்கும் ஒரே தண்டனையா என்று கேட்டால், இளங்கோவடிகளின் விடை இங்கே இருக்கிறது: பொய்ச் சொல்லால் ஒருவனைச் சாகச் செய்தவன், வாளால் செய்தவன் அடைய வேண்டியதை அடைவான்.

இதில் ஒரு கொடிய முரண் உண்டு என்பதையும் மறைக்கலாகாது. நாம் யாருக்காகக் கண்ணீர் விட்டோமோ அந்தக் கோவலனே முற்பிறப்பில் பொற்கொல்லனாக இருந்திருக்கிறான். பொற்கொல்லன் வேறு, நாம் வேறு என்று எளிதாகச் சொல்லிக்கொள்ள முடியாதபடி நம்மை நிறுத்திவிடுகிறது அக்கதை.

பாண்டியன் தனக்கு வழங்கிக்கொண்ட தீர்ப்பும் இதன் மறுபக்கமே. சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த நொடியில் அவன் பொற்கொல்லனைக் கொண்டுவரச் சொல்லவில்லை. காவலனைக் கட்டி இழுத்துவர ஆணையிடவும் இல்லை. கள்வன் தானே என்று கூறி அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர்விட்டான். தன் வாயிலிருந்து வந்த சொல்லைத் தன் கை செய்த கொலையாகவே அவன் ஏற்றுக்கொண்டான். ஆணையிட்டவன் ஒருவன் கீழிருந்தவன்மேல் பழி போடாமல் இறந்தது நம் இலக்கியத்தில் மட்டுமன்று, உலக வரலாற்றிலேயே அரிய காட்சி.

சட்டம் சொல்வது

இனி இலக்கியத்திலிருந்து நீதிமன்றத்திற்கு வருவோம். நான் சட்டம் பயின்றவள் அல்லேன். ஆயினும் சட்ட நூலும் ஓர் உரைநடை நூலே. தமிழாசிரியர்க்கு அதைப் படிக்கும் உரிமை உண்டு.

1860-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 1862 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் இவ்வினாவுக்குத் தெளிவான விடை வைத்திருந்தது. பலர் ஒரே எண்ணத்தோடு ஒரு குற்றத்தைச் செய்தால், ஒவ்வொருவரும் அதைத் தாமே தனித்துச் செய்தது போலப் பொறுப்பாவர் என்றது 34-ஆம் பிரிவு. தூண்டுதலின் விளைவாகக் குற்றம் நிகழ்ந்து, அதற்கெனத் தனித் தண்டனை சொல்லப்படாதிருந்தால், தூண்டியவனுக்கும் அக்குற்றத்திற்கு உரிய தண்டனையே என்றது 109-ஆம் பிரிவு. 1913-இல் குற்றச் சதி பற்றிய 120-அ, 120-ஆ பிரிவுகள் சேர்க்கப்பட்டன. கொலைக்குத் தூண்டியும் கொலை நிகழாமற்போனால்கூடத் தூண்டியவனுக்கு ஏழாண்டு வரை சிறை என்றது 115-ஆம் பிரிவு. அதாவது, தயங்கிய காவலன் வாளைக் கீழே போட்டுவிட்டுச் சென்றிருந்தாலும் பொற்கொல்லன் குற்றவாளியே.

2024 ஜூலை 1 முதல் அச்சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துள்ளது. பிரிவு எண்கள் மாறின. கொலைக்கு 103, குற்றச் சதிக்கு 61 என்று ஆயின. ஆனால் இக்கொள்கை மாறவில்லை. நூற்றாண்டுகள் கடந்தும் மாறாத கொள்கையில் ஏதோ ஓர் உண்மை இருக்கவேண்டும்.

இக்கொள்கை நடைமுறையில் எப்படி இயங்கிற்று என்பதற்கு நம் நாட்டின் மிகப்பெரிய கொலை வழக்கையே பார்ப்போம். 1948 ஜனவரி 30 அன்று தில்லி பிர்லா மாளிகையில் காந்தியடிகளைச் சுட்டவன் நாதுராம் கோட்சே. துப்பாக்கியிலிருந்து குண்டு பாய்ந்தது அவன் ஒருவன் கையிலிருந்துதான். எனினும் 1949 நவம்பர் 15 அன்று அம்பாலா சிறையில் அவனோடு நாராயண ஆப்தேயும் தூக்கிலிடப்பட்டான். ஆப்தே சுடவில்லை, திட்டத்தில் தலைமைப் பங்கு கொண்டவன். சட்டம் இருவரையும் ஒரே தட்டில் வைத்தது.

அவ்வழக்கில் என்னைச் சிந்திக்க வைத்த செய்தி ஒன்று உண்டு. கோட்சே தன் மேல்முறையீட்டில் கொலைக் குற்றத்தையோ மரண தண்டனையையோ எதிர்க்கவில்லை. சதி நடந்தது என்ற முடிவை மட்டுமே எதிர்த்தான். நான் ஒருவனே செய்தேன், எனக்குப் பின்னால் எவரும் இல்லை என்பது அவன் வாதம். கை முன்வந்து நாவை மறைக்க முயன்றது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

அதே வழக்கில் மற்றொன்றையும் காண்கிறோம். செங்கோட்டையில் நடந்த விசாரணையின் முடிவில் இருவர்க்கு மரண தண்டனையும் ஐவர்க்கு ஆயுள் தண்டனையும் விதிக்கப்பட்டன, ஒருவர் விடுவிக்கப்பட்டார். மேல்முறையீட்டில் அந்த ஐவருள் மேலும் இருவர் விடுவிக்கப்பட்டனர். அவ்விருவருள் ஒருவர், அப்ரூவராக மாறியவரிடம் வேலை பார்த்த பணியாள். சதி என்ற ஒரு சொல்லுக்குள் எல்லாரையும் அள்ளிப் போட்டுவிடாமல், யார் எந்த அளவு அறிந்தார், யார் எந்த அளவு செய்தார் என்று பிரித்துப் பார்க்கும் முயற்சி அங்கே நடந்தது. சமத் தண்டனை என்ற கொள்கை நேரியதாக இருப்பதற்கு இந்தப் பிரித்தறிதலே உயிர் என்க.

காந்தியடிகளின் புதல்வர்கள் மணிலாலும் ராமதாசும் அவ்விருவரின் மரண தண்டனையைக் குறைக்க வேண்டினர் என்பதும், அவ்வேண்டுகோள் ஏற்கப்படவில்லை என்பதும், அப்போது தலைமை ஆளுநராக இருந்தவர் இராஜாஜி என்பதும் வரலாறு. இதை ஒரு காரணம் பற்றியே குறிப்பிடுகின்றேன். இருவர்க்கும் ஒரே தண்டனை என்று சொல்வது வேறு. இருவரையும் தூக்கிலிடு என்று சொல்வது வேறு. தந்தையை இழந்த மக்கள் இருவரையும் ஒன்றாக வைத்துத்தான் கருணை கேட்டனர். தண்டனையில் சமம் இருந்தால் இரக்கத்திலும் சமம் இருக்கலாம். மரண தண்டனை வேண்டுமா வேண்டாவா என்ற வினா தனியே ஓர் அரங்கு நடத்தத் தக்கது. இன்று அதைத் தொடவில்லை.

தொலைவு குறைக்குமா, கூட்டுமா?

என் வகுப்பில் சிலப்பதிகாரம் நடத்துகையில் ஒரு மாணவி கேட்டாள்: "அம்மா, இருவர்க்கும் சமம் என்கிறீர்களே. பொற்கொல்லனுக்கு அதிகம் என்றல்லவா இருக்கவேண்டும்?" நல்ல வினா. சமம் என்பது கீழெல்லையா, மேலெல்லையா என்று அவள் கேட்கிறாள்.

திட்டமிட்டவனுக்குக் குறைவு போதும் என்போர் சொல்லும் வாதம் இது: அவன் சொன்னான், மற்றவன் மறுத்திருக்கலாம். இடையில் ஒரு சுதந்தர மனம் குறுக்கிட்டபின் முழுப் பழியையும் முதல்வன்மேல் ஏற்றுவது எப்படி? இவ்வாதத்தில் ஓரளவு வலிமை உண்டு. கடைசி நொடி கொலைகாரனுக்குரியது; அந்த நொடியில் உயிரைக் காக்கக்கூடியவன் அவன் ஒருவனே.

அதிகம் வேண்டும் என்போர் வாதம் இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. வாள் பிடித்தவன் மறுத்தால் திட்டமிட்டவன் வேறொரு வாளைத் தேடுவான். திட்டமிட்டவன் வாய் திறவாதிருந்தால் வாள் உறையிலேயே கிடக்கும். மேலும், கை பெரும்பாலும் ஏழையின் கை, கூலிக்கு வந்த கை, குடித்த கை. நாவோ தெளிந்த நா. நாள் குறித்த நா.

1961-இல் எருசலேமில் அடால்ப் ஐக்மன் விசாரிக்கப்பட்டபோது இவ்வாதம் உலகின் முன் வந்தது. இலட்சக்கணக்கான யூதர்களைக் கொலை முகாம்களுக்கு ரயிலேற்றி அனுப்பும் ஏற்பாட்டை நடத்தியவன் அவன். அவன் கையில் இருந்தவை கோப்புகளும் கால அட்டவணைகளும். மேலிடத்து ஆணையை நிறைவேற்றினேன் என்பதே அவன் எதிர்வாதம். அந்த நீதிமன்றம் அத்தகைய பெருங்குற்றங்களில், கொலைக்கருவியைப் பிடித்த கையிலிருந்து விலகி மேலே செல்லச் செல்லப் பொறுப்பு குறைவதில்லை, பெரும்பாலும் கூடுகிறது என்ற கருத்தை முன்வைத்தது. 1962-இல் அவன் தூக்கிலிடப்பட்டான்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கொலையைத் தன் எண்ணத்தில் கருக்கொண்டு, பிறன் கையால் அதைப் பிறப்பித்தவன், கொன்றவனுக்குச் சிறிதும் குறைந்தவன் அல்லன். அவன் குற்றம் கொன்றவன் குற்றத்தைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம். குறைவாக ஒருபோதும் இருக்க இயலாது. அதே வேளையில் அவன் கூடுதல் குற்றம் கொன்றவனின் கணக்கிலிருந்து ஒரு காசையும் கழிப்பதில்லை. பழி பங்கு போட்டால் குறையும் சொத்து அன்று. இருவர் சேர்ந்து ஒருவனைக் கொன்றால் ஆளுக்கு அரைக்கொலை என்ற கணக்கு எந்த அறநூலிலும் இல்லை.

சான்று என்னும் சிக்கல்

இவ்வளவு எளிது என்றால் இவ்வினா ஏன் தீரவில்லை? தீராமைக்குக் காரணம் வாளைப் பார்க்க முடியும், நாவைப் பார்க்க முடியாது என்பதுதான்.

2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், பேருந்து நிலையத்தின் அருகே, சாதி கடந்து மணந்த இளந்தம்பதியரைக் கும்பலொன்று வெட்டியது. கணவன் உயிரிழந்தான், மனைவி காயங்களோடு பிழைத்தாள். கண்காணிப்புக் கேமராவில் அக்காட்சி பதிவாகி நாடே பார்த்தது. 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம், பெண்ணின் தந்தை உட்பட ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம், தந்தைமீதான சதிக் குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை என்று அவரை விடுவித்தது. மற்ற ஐவரின் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாக மாற்றி, இருபத்தைந்து ஆண்டுகளேனும் சிறையில் இருக்கவேண்டும் என்றது.

அத்தீர்ப்புகளின்மேல் வழக்காட நான் வரவில்லை. மெய்ப்பிக்கப்படாத ஒருவரைக் குற்றவாளி என்று கூற இவ்வவையில் எவர்க்கும் உரிமை இல்லை. நான் சுட்ட விரும்புவது ஒன்றுதான். வெட்டிய கைகளுக்குக் கேமரா சான்று இருந்தது. சதி என்பதற்கோ, எந்த வழக்கிலும், கேமரா இருப்பதில்லை. மூடிய அறையில் சொல்லப்பட்ட சொல்லுக்கு அறையே சாட்சி. எனவே தொலைபேசிக் கணக்கு, பணம் கைமாறியது, தங்கிய விடுதி என்று சுற்றுச் சான்றுகளைக் கோத்துத்தான் நாவை நெருங்கமுடிகிறது. கோவையில் ஓர் இழை அறுந்தாலும் ஐயத்தின் பயன் குற்றம் சாட்டப்பட்டவர்க்கே செல்லும், செல்லவும் வேண்டும்.

விளைவு என்ன? சட்ட நூலில் சமமாக எழுதப்பட்ட தண்டனை, உலகில் சமமாக விழுவதில்லை. கூலிக்கு வந்தவன் சிக்குகிறான். ஏவியவன் இருந்தால் அவன் பெரும்பாலும் சட்டத்தின் கைக்கு எட்டாத தொலைவில் நிற்கிறான். அந்தத் தொலைவுக்காகத்தானே அவன் கூலி கொடுக்கிறான்?

ஆயிரவர்

இந்தச் சிக்கலைக் கண்டு சினந்து, சான்று எதற்கு, ஏவியவர் இன்னார் கூட்டம் என்று ஊருக்கே தெரியுமே என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கும் சிலப்பதிகாரம் ஒரு செய்தி வைத்திருக்கிறது. அது நாம் மேடையில் பேசக் கூசும் செய்தி.

பாண்டியன் இறந்தபின் கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன், பத்தினித் தெய்வத்தின் சினம் தணியப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்று உரைபெறு கட்டுரையும் நீர்ப்படைக் காதையும் கூறுகின்றன. பொய் சொன்னவன் ஒருவன், பலியானவர் ஆயிரவர். அந்த ஒருவன் அவருள் இருந்தானா, முன்னரே தீயில் வெந்தானா என்றுகூட நூல் தனித்துச் சொல்லவில்லை. ஆளைத் தேடவேண்டிய இடத்தில் குலத்தைக் கொன்று கணக்கைத் தீர்த்தார்கள். கோவலனை விசாரியாமல் கொன்ற அதே பிழையை ஆயிரம் மடங்காகச் செய்து, அதற்குச் சாந்தி என்று பெயரிட்டார்கள்.

மதுரையைத் தீக்கு ஒப்புக்கொடுத்த கண்ணகிகூட, அந்தப் பெருஞ்சினத்திலும் முதியோரை விடு, குழந்தைகளை விடு, அறவோரை விடு என்று பிரித்துச் சொன்னாள். தீக்குப் பிரித்தறியக் கற்பித்தாள் அவள். அவள் பெயரால் பலியிட்டவர்கள் பிரித்தறியவில்லை.

நம் பேச்சு வழக்கிலும் எழுத்து வழக்கிலும் அந்தப் பழி இன்னும் முடியவில்லை என்பதை வருத்தத்தோடு சொல்லவேண்டும். பட்டிமன்றங்களில் அந்த ஒருவனின் வஞ்சகத்தைக் கைத்தட்டலுக்காக அவன் தொழில்மேலும் குலத்தின்மேலும் ஏற்றிப் பேசும்போது, அவையில் அமர்ந்திருக்கும் ஒரு பொற்கொல்லரின் மகள் என்ன நினைப்பாள்? திட்டமிட்டவனுக்கும் தண்டனை வேண்டும் என்று சொல்லும் நாமே முதலில் கற்கவேண்டிய பாடம் இது: திட்டமிட்டவன் ஒரு மனிதன், அவனுக்குப் பெயர் உண்டு, அந்தப் பெயரைச் சான்றோடு கண்டுபிடிக்கவேண்டும். அது இயலாதபோது அவன் சாதியை, ஊரை, மதத்தை அவன் இடத்தில் நிறுத்தினால், அடுத்த கொலையைத் திட்டமிடுபவர்கள் நாமே ஆகிறோம்.

கவிஞர்க்கு ஒரு வேண்டுகோள்

கவிஞர் பெருமக்களே! ஒவ்வொரு கொடுங்கொலைக்குப் பின்னும் இரங்கற்பாக்கள் எழுதப்படுகின்றன. அவற்றைத் தொடர்ந்து படிப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். அரிவாள் பளபளக்கிறது, குருதி சிவக்கிறது, தாய் கதறுகிறாள், வானம் அழுகிறது. அந்த அரிவாளுக்குப் பின்னால் இருந்த பேச்சை எழுதிய கவிதை மிக அரிது. திண்ணையில் சொல்லப்பட்ட ஒரு கேலி, சங்கக் கூட்டத்தில் எழுந்த ஓர் ஆவேசம், 'உனக்கு மானம் இல்லையா' என்று உறவினர் ஒருவர் கேட்ட ஒற்றை வினா, இவை எங்கே? நீதிமன்றம் அடைய முடியாத அந்த மூடிய அறைக்குள் செல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. ஒரு மனிதரைச் சுட்டிக் குற்றம் சாட்டுவதற்கு அன்று. அப்படிப்பட்ட சொல் எப்படிப் பிறக்கிறது, எப்படிப் பலரால் தலையசைத்து ஏற்கப்படுகிறது என்று காட்டுவதற்கு. இளங்கோவடிகள் பொற்கொல்லனின் அச்சத்தையும் அவன் பேச்சையும் எழுதியிராவிட்டால் நமக்குக் கிடைத்திருப்பது குடிகாரன் ஒருவன் வாள் வீசிய கதை மட்டுமே.

இன்னொன்று நம்மைப் பற்றியது. சொல் கொல்லும் என்று ஒப்புக்கொண்டால் நம் சொல்லுக்கும் அந்த விதி பொருந்தும். மேடையில் கைத்தட்டலுக்காக வீசிய ஒரு வெறுப்பு வரி, யாரோ ஒருவன் கைக்குத் துணிவாகப் போய்ச் சேரலாம். அதற்காக எல்லா ஆவேசத்தையும் சட்டம் தண்டிக்கவேண்டும் என்று நான் கூறவில்லை. அது பேச்சுரிமையையே விழுங்கிவிடும். கொல் என்று ஏவும் சொல்லுக்கும் கொடுமையை எதிர்த்துக் கொதிக்கும் சொல்லுக்கும் இடையே சட்டம் கோடு போடுகிறது. அந்தக் கோட்டுக்கு இப்பால் நின்றுகொண்டு நம் சொல்லை நாமே விசாரிக்கும் மன்றம் ஒன்று உண்டு. பாண்டியன் தன்னை விசாரித்துக்கொண்டது அந்த மன்றத்தில்தான். அவன்மீது சதி வழக்கு எதுவும் தொடுக்கப்படவில்லை. ஆனால் தன் வாயிலிருந்து வந்த ஒரு தொடரின் முழு எடையையும் அவன் அறிந்தான்.

பத்தாண்டுகளாகச் சொல்லை வளர்த்த இவ்வட்டம், இனிவரும் ஆண்டுகளில் சொல்லின் எடையை அளக்கும் வட்டமாகவும் விளங்கவேண்டும் என்பது என் அவா. நீதிமன்றங்கள் கையையும் நாவையும் சான்றுகொண்டு சமமாக எடை போடட்டும். நாவைச் சான்று இல்லாமலே எடை போடக்கூடிய ஒருவர், அந்த நாவுக்கு உரியவர் மட்டுமே.